‘சும்மா கலாய்ச்சோம் மிஸ்’: ஏழாம் வகுப்பில் என் பையனும் நானும் பட்டது

போன வருடம் ஜூனில் பள்ளி திறந்து மூன்றாவது வாரம் இருக்கும். என் பையன் ஏழாம் வகுப்பு. செக்‌ஷன் மாற்றிப் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வயிறு வலிக்கிறது என்பான். திங்கட்கிழமை காலையில் இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் திருச்சியில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக்காரர் ஷார்ஜாவில். இங்கே நானும் அவனும்தான். ஏழே முக்காலுக்கு அவனுக்கு வேன், எட்டரைக்கு எனக்கு பஸ். இந்த அவசரத்தில், வலி நிஜமா நடிப்பா என்று நின்று யோசிக்கவில்லை. “நடிக்காதே, ஏறு” என்று நான்கைந்து முறை வேனில் ஏற்றிவிட்டிருக்கிறேன். எழுதும்போது இப்போதும் கூசுகிறது.

ஜூலையில் ஒரு நாள், ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று அழுதான். அப்பெண்டிக்ஸாக இருக்குமோ என்று ஒரு டாக்டர் பயமுறுத்த, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, இன்னொரு டாக்டர் என்று அலைந்ததில் 6,800 ரூபாய் போனது. கடையில் நான்கு நாள் சம்பளமும் போனது. கடைசியில் பார்த்தால் சிறுநீர்த் தொற்று. இரண்டாவதாகப் பார்த்த வயதான அம்மா டாக்டர்தான் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு அவனிடம் கேட்டார், “ஸ்கூல்ல பாத்ரூம் போறியா கண்ணு?” அவன் தரையைப் பார்த்தான். “தண்ணி குடிக்கிறியா?” அதற்கும் பதில் இல்லை. என்னிடம், “மருந்து எழுதித் தரேம்மா. ஆனா இவன் ஏன் அடக்கி வைக்கிறான்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்” என்றார்.

அன்றைக்குத்தான் அவனுடைய தண்ணீர் பாட்டிலைக் கவனித்தேன். ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில். காலையில் நான் நிரப்பிக் கொடுத்தது சாயங்காலம் அப்படியே கனமாகத் திரும்பி வந்திருந்தது. வேனில் இருந்து இறங்கியதும் பையை வாசலில் எறிந்துவிட்டு ஷூவோடு பாத்ரூமுக்கு ஓடுவான். தினமும் ஓடியிருக்கிறான். நான் ஷூ சேறுக்காகத் திட்டியிருக்கிறேன், ஓட்டத்தைப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டிலும் பிள்ளை இப்படி ஓடி வந்தால், பாட்டில் நிறைந்தே திரும்பினால், முதலில் பள்ளிக் கழிவறையைப் பற்றி விசாரியுங்கள். அங்கே அசுத்தமும் இருக்கலாம், ஆளும் இருக்கலாம்.

நேராகக் கேட்டுப் பார்த்தேன். “யாராவது அடிச்சாங்களாடா?” “இல்லம்மா.” அது பொய்யும் இல்லை, யாரும் அடிக்கவில்லைதான். விஷயம் வேன் ஓட்டும் தம்பி மூலமாகத்தான் வந்தது. “அக்கா, சொல்லலாமா வேணாமான்னு ரெண்டு மாசமா யோசிச்சிட்டு இருக்கேன்” என்று ஆரம்பித்து, ஆள்காட்டி விரலை மேலே தூக்கிக் காற்றில் ஒரு வட்டம் சுற்றிக் காட்டினார். “தம்பி வாயத் தொறந்தா எல்லாப் பசங்களும் இப்படிப் பண்றாங்க.”

என் பையனுக்குத் திக்குவாய். ‘ப’, ‘க’ போட்டு ஆரம்பிக்கும் சொல் சில சமயம் தொண்டையிலேயே நின்றுவிடும். போனில் வீடியோ நின்றால் சுற்றுமே ஒரு வட்டம், அதுதான் அந்த விரல். பட்டப்பெயர் ‘பஃபரிங்’. முதலில் வாயால் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மிஸ் காதில் விழுந்து திட்டியதும் விரலுக்கு மாறிவிட்டார்கள். அவன் எழுந்து பாடம் வாசித்தால் டெஸ்க்குக்குக் கீழே ஐந்தாறு விரல் சுற்றும். சத்தமே இருக்காது. கரும்பலகைப் பக்கம் நிற்கும் டீச்சருக்கு எல்லாப் பிள்ளைகளும் நல்ல பிள்ளைகளாகத்தான் தெரிவார்கள்.

கழிவறைக் கதை அவனிடமிருந்து வர இன்னும் பத்து நாள் ஆனது. ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தான். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். நான் ‘யார் அடித்தது’ என்று கேட்காமல், “இன்டர்வெல்ல யாரோட நிப்ப?” என்றேன். “யாரோடயும் இல்ல.” பாலக்கரை சிக்னலில் வண்டி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான். கழிவறை வாசலில் மூன்று பேர் நிற்பார்களாம். உள்ளே போக ‘பாஸ்வேர்ட்’ சொல்ல வேண்டும். பாஸ்வேர்ட், ‘பப்பாளிப்பழம்’. திக்கினால் மறுபடி முதலில் இருந்து. சொல்லி முடிப்பதற்குள் பெல் அடித்துவிடும். மற்றவர்கள் எல்லாம் அவனைத் தாண்டி உள்ளே போய்விட்டு வருவார்கள். சிக்னல் விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன், பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பள்ளியில் இதைப் பற்றிப் பேசப் போனபோதெல்லாம் என் முன்னால் வந்து விழுந்த சொல் ‘கலாய்’. “சும்மா கலாய்ச்சோம் மிஸ்.” “பசங்கன்னா கலாய்ச்சுக்குவாங்கம்மா.” நம் வீட்டிலும்தான் கலாய்க்கிறோம். என் தம்பி வந்தால் என் சமையலைக் கலாய்க்காமல் கிளம்பமாட்டான். அப்படியானால் இது எதில் வேறு? எனக்கே குழப்பமாகத்தான் இருந்தது. அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். நார்வேயில் டான் ஓல்வியூஸ் என்று ஓர் உளவியலாளர் 1970-களிலிருந்தே, பள்ளியில் ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகள் சீண்டித் தொல்லை செய்வதை ஆராய்ந்தவர். 1982 கடைசியில் அங்கே மூன்று பையன்கள் தற்கொலை செய்துகொண்டதையடுத்து, மறுவருடமே நாடு முழுக்கப் பள்ளிகளில் இதற்கெதிராக இயக்கம் நடத்தினார்கள், அதில் அவர் பங்கு பெரிது. அவர் பார்க்கச் சொன்னது மூன்றை: வேண்டுமென்றே செய்கிறார்களா, திரும்பத் திரும்ப நடக்கிறதா, இரண்டு பக்கத்துக்கும் பலத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கிறதா. பாஸ்வேர்ட் கேட்டதை அந்த மூன்றோடும் வைத்துப் பார்த்தேன். மூன்றுமே பொருந்தியது. என் தம்பி கலாய்த்தால் நான் திருப்பிக் கலாய்ப்பேன், “போதும்டா” என்றால் நிறுத்திவிடுவான். என் பையன் “போதும்” என்று சொல்லவே திக்கும். அதற்கும் விரல் சுற்றும்.

இதெல்லாம் எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அதற்கு முன்னால் செய்த தவறுகள் ஒரு வண்டி.

முதல் தவறு, பையனைச் சரிசெய்யப் போனது. வீட்டுக்காரர் போனில், “நாலு சாத்து சாத்தச் சொல்லு, எல்லாம் அடங்கிடும்” என்றார். அங்கே உட்கார்ந்துகொண்டு அவருக்கும் வேறு என்ன தோன்றும்? கராத்தே வகுப்பில் சேர்த்தேன். சேர்க்கை, உடுப்பு, இரண்டு மாதக் கட்டணம் எல்லாம் சேர்த்து 4,700. கராத்தேயைக் குறை சொல்லவில்லை, அவனுக்கு உடம்பு நிமிர்ந்தது. ஆனால் ஆகஸ்டில் ஒரு நாள் வேனில் ஒருவன் விரலைச் சுற்ற, இவன் மூக்கில் குத்திவிட்டான். ரத்தம். மறுநாள் பிரின்சிபால் அறையில் நான் குற்றவாளியின் அம்மாவாக நின்றேன். ‘இனிமேல் என் மகன் யார் மீதும் கை வைக்கமாட்டான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டரை மாதம் நடந்த எதற்கும் பள்ளியில் ஒரு வரி பதிவு இல்லை. என் பையன் அடித்த ஓர் அடிக்கு மட்டும் கையெழுத்தோடு பதிவு இருந்தது. “திருப்பி அடி” என்று பிள்ளைக்குச் சொல்லும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அந்தக் கும்பலில் முக்கியமான பையனின் அம்மாவுக்கு ராத்திரி ஒன்பதரைக்கு போன் செய்தது. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் நம்பர் இருந்தது. நான் அழுதுகொண்டே பேசினேன், அவர் முதலில் கேட்டுக்கொண்டார், பிறகு “என் பிள்ளைய உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா” என்றார். அன்றைக்கு அந்தப் பையனை அவன் அப்பா பெல்ட்டால் அடித்திருக்கிறார். மறுநாள் அந்தக் கணக்கு முழுக்க என் பையன் தலையில் தீர்ந்தது. “எதுக்கும்மா போன் பண்ணீங்க?” என்று மட்டும் கேட்டான். அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. பணம் போனதைவிட அந்த ஒரு வாரம்தான் எனக்குப் பெரிய நஷ்டம். எதிர்ப் பக்கத்துப் பெற்றோரிடம் நேராகப் போகவே கூடாது என்பது என் முடிவு. பேச வேண்டுமானால் பள்ளி கூப்பிட்டு, பள்ளி வைத்துப் பேச வேண்டும்.

மூன்றாவது, வாய்வார்த்தையாகப் புகார் சொன்னது. வகுப்பு ஆசிரியை நல்லவர்தான், இளவயது. நான் சொன்னதும் உடனே வகுப்பில் என் பையனை எழுப்பி நிற்கவைத்து, “இவனை இனி யாரும் கலாய்க்கக் கூடாது” என்று அறிவித்தார். நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அந்த மூன்று பேரையும் இவனையும் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்கச் சொல்லி, கை குலுக்க வைத்தார். கை குலுக்கும்போதே ஒருவன் உள்ளங்கையில் விரலைச் சுற்றினானாம். தெருச் சண்டைக்குச் சமாதானம் செய்து வைக்கலாம், அதில் இரண்டு பக்கமும் ஏதோ ஒரு நியாயம் இருக்கும். ஒருவனை மூன்று பேர் மறித்து நிற்பதில் யாருக்கும் யாருக்கும் சமாதானம்? அந்த மூன்று பேரையும் தனித்தனியாகத்தான் கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும்.

நான்காவதுதான் கையைச் சுட்டது. கோபத்தில் வேறொரு பள்ளியில் இடம் கேட்டு 20,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. சாயங்காலம் பையனிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நிமிராமலே, “அங்கயும் நான் இப்படித்தானம்மா பேசுவேன்?” என்றான்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மொட்டை மாடிக்குப் போய் 14416-க்குக் கூப்பிட்டேன். டெலி மானஸ் என்று 2022-இல் தொடங்கிய இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். அவனுக்காகத்தான் கூப்பிட்டேன், பேசியது முழுக்க என்னைப் பற்றி. எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நடந்ததையெல்லாம் எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிறவளுக்கு இது முதல் நாளே தோன்றியிருக்க வேண்டாமா?

மறுநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கடைப் பேரேடு மாதிரிக் கட்டம் போட்டேன். தேதி, மணி, இடம், யார், என்ன சொன்னார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள். இரண்டு விஷயங்களில் கறாராக இருந்தேன். ஒன்று, அவன் சொன்ன வார்த்தை அப்படியே, என் ஆத்திரம் ஒரு வரிகூடக் கூடாது. இரண்டு, தினமும் துருவித் துருவிக் கேட்பதில்லை, அவனாகச் சொன்னால் எழுதுவது. மூன்று வாரத்தில் 17 வரி சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். பதினேழில் ஒன்பது, காலை 10.40 இடைவேளையில் கழிவறை வாசலில். ஐந்து, வேனில் கடைசி வரிசையில். மீதி மூன்றுதான் வகுப்பறை. அதுவரை என் மனதில் ‘பள்ளிக்கூடம் முழுக்கப் பகை’ என்று இருந்தது, தாளில் பார்த்தால் பத்து நிமிடமும் ஒரு வராந்தாவும் ஒரு சீட்டும். சரி, இதற்கு ஏதாவது செய்யலாம் என்று முதல் முறையாகத் தோன்றியது.

அப்புறம் கடிதம். எங்களுடையது சிபிஎஸ்இ பள்ளி. 2015 மார்ச்சிலேயே சிபிஎஸ்இ தன் பள்ளிகளுக்கு இந்த மாதிரித் தொல்லையைத் தடுப்பதைப் பற்றி ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. துணை முதல்வர், மூத்த ஆசிரியர், ஆலோசகர், பெற்றோர் தரப்பில் ஒருவர் எல்லாம் அடங்கிய ஒரு குழு ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. இவ்வளவு நாள் இதே பள்ளிக்குப் பணம் கட்டுகிறேன், இப்படி ஒரு குழு உண்டு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடிதத்தில் 17 வரியையும் எழுதி, யாரைத் தண்டியுங்கள் என்று கேட்காமல், நான்கு காரியங்கள் கேட்டேன். 10.40-க்கு அந்த வராந்தாவில் ஒரு ஆசிரியர் நிற்க வேண்டும். வேனில் என் பையன் முன் சீட்டில், அந்த மூன்று பேரும் பிரிந்து உட்கார வேண்டும். குழு கூடி, மூவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். புகார் கொடுத்ததற்காக என் பையனுக்கு எதுவும் நேராமல் பார்த்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து எனக்கு எழுத்தில் பதில் தர வேண்டும்.

கடைசி வரியை நான் பயந்துதான் எழுதினேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். சக மாணவர்கள் கொடுத்த தொல்லையால் பள்ளிக்குப் போகாமல் இருந்த பையன், பள்ளி விசாரித்தபோது விஷயத்தைச் சொன்னான், அன்று ராத்திரியே வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். அது சாதி வெறி, எங்கள் கதையை அதோடு ஒப்பிடக்கூடாது. அதைத் தொடர்ந்து நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டு 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது. ஆனால் புகார் சொன்ன பிள்ளையின் அடுத்த இருபத்து நான்கு மணி நேரத்தை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்வி சின்னப் பள்ளியோ பெரிய பள்ளியோ எங்கேயும் உண்டு.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, அலுவலகத்தில் ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் தேதியும் கையெழுத்தும் சீலும் வாங்கினேன். சீல் போட மாட்டோம் என்றார்கள். “பரவாயில்லைங்க, பதிவுத் தபால்ல அனுப்பிக்கறேன்” என்றதும் சீல் கிடைத்தது. இதற்கும் மசியவில்லை என்றால் 1098 இருக்கிறது, குழந்தைகளுக்கான உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறைக்கு 14417 இருக்கிறது. உடம்பில் தொடுவது, உடையைக் கழற்றுவது, படம் எடுப்பது என்று போனால் பள்ளிக்குள் பேசித் தீர்க்கவே இடம் கொடுக்காதீர்கள், அது போக்சோவுக்குள் வரலாம், நேராக 1098 அல்லது போலீஸ்தான். எனக்கு அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஒன்பதாம் நாள் கூப்பிட்டார்கள். பிரின்சிபால் மேடம் இந்த முறை நோட்டைப் புரட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தி, “பப்பாளிப்பழமா?” என்று கேட்டார். பிறகு பேசவில்லை.

வராந்தாவில் பி.டி. சார் நிற்க ஆரம்பித்தார். மூவரில் ஒருவனை வேறு செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். என் பையனை மாற்றட்டுமா என்றுதான் முதலில் கேட்டார்கள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. மாறிப் போகிறவன்தான் தப்பு செய்தவன் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும். இதெல்லாம் உதவியது. ஆனால் உண்மையில் காற்று மாறியது இன்னொன்றால். பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவாக்கி அங்கே பல பள்ளிகளில் நடத்தும் ‘கிவா’ என்ற திட்டத்தைப் பற்றிப் படித்திருந்தேன். சீண்டுகிறவனைவிட, சுற்றி நின்று சிரிக்கிறவர்களையும் பேசாமல் பார்க்கிறவர்களையும் மாற்றப் பார்ப்பது அதன் வழி. சிரிக்க ஆள் இல்லாவிட்டால் கூத்துக்கு மவுசு ஏது? நான் வகுப்பு மிஸ்ஸிடம் ஒரே ஓர் உதவி கேட்டேன், அமைதியான ஒரு பையனாகப் பார்த்து இவன் பக்கத்தில் உட்காரவையுங்கள், காரணம் சொல்ல வேண்டாம். அவர் உட்காரவைத்த பையனும் முன்பு டெஸ்க்குக்குக் கீழே விரல் சுற்றியவன்தான். செஸ் பைத்தியம். இடைவேளையில் இரண்டு பேரும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு விளையாட ஆரம்பித்தார்கள். பாத்ரூமுக்கும் சேர்ந்து போனார்கள்.

பேச்சுப் பயிற்சிக்கு இப்போது வாரம் ஒரு முறை போகிறோம், ஒரு முறைக்கு 500 ரூபாய். ஸ்கேனுக்கும் கராத்தேக்கும் முன்னால் இங்கே வந்திருக்க வேண்டும். திக்குவாய் பயத்தால் வருவதில்லை, பல வீடுகளில் வழிவழியாக வருவதுண்டு, “நிதானமா பேசு” என்று சொல்லச் சொல்ல அவனுக்கு இறுக்கம்தான் கூடும் என்று பயிற்சி தரும் அம்மா சொன்னபோது, ஏழு வருடமாக ஒரு நாளைக்குப் பத்து முறை அதைத்தான் சொல்லிவந்த என் வாயைப் பொத்திக்கொண்டேன். மாமனாருக்கும் திக்கும். அந்தப் பேச்சே வீட்டில் எடுக்கக்கூடாது என்று வைத்திருந்தோம். அக்டோபர் 22 உலகத் திக்குவாய் விழிப்புணர்வு நாளாம். அன்றைக்கு அசெம்பிளியில் பேசுகிறாயா என்று மிஸ் ஆசையாகக் கேட்டிருக்கிறார். “வேணாம் மிஸ்” என்று இவன் சொல்லிவிட்டான். ஒரு தடவைகூடத் திக்காமல் சொன்னேன் என்று வீட்டில் வந்து சிரித்தான்.

அந்தப் பெல்ட் அடி வாங்கிய பையனை ஒரு முறை வேன் நிற்குமிடத்தில் பார்த்தேன். அவன் அப்பா வண்டியை நிறுத்தாமலே, “சீக்கிரம் ஏறுடா தடிமாடு” என்றார். ஓடிப்போய் ஏறினான். பாவமாக இருந்தது. மன்னித்துவிட்டேனா என்றால் இல்லை. நானும் எட்டாம் வகுப்பில், மாறுகண் இருந்த ஒரு பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயருக்கு, வயிறு வலிக்கச் சிரித்தவள். அவள் பத்தாவதுக்கு வரவில்லை. ஏன் என்று அன்றைக்கு நாங்கள் யாரும் கேட்டதில்லை.

இப்போது எட்டாம் வகுப்பு. எப்போதாவது ஒரு விரல் சுற்றத்தான் செய்கிறது. நோட்டில் கடைசியாக எழுதி ஏழு வாரம் ஆகிறது, ஃபிரிட்ஜ் மேல் கிடக்கிறது. பாட்டில் பாதிக்கு மேல் காலியாகி வருகிறது. செலவில் இன்னும் நிலுவையில் இருப்பது அந்த வேறு பள்ளியில் கட்டிய 20,000. திரும்பத் தரும் வழக்கம் இல்லை என்று வாயால்தான் சொன்னார்கள். அதற்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்திருக்கிறேன்.